புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? பரம்பரை, வளர்ப்பு, ஏற்றத்தாழ்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

டாக்டரின் மகள் டாக்டரானால் "ரத்தத்திலேயே இருக்கு" என்கிறோம். அதே டாக்டரின் மகன் படிப்பில் கோட்டை விட்டால் "வளர்ப்பு சரியில்லை" என்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளை பெரிய உத்தியோகத்துக்குப் போனால் அது கடவுள் கொடுத்த மூளை. போகாவிட்டால், "அந்தக் குடும்பத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?" நடந்து முடிந்தது எதுவானாலும் அதற்குத் தோதான காரணம் கைவசம் இருக்கிறது. பழமொழிகூட இரண்டு பக்கத்துக்கும் வைத்திருக்கிறோம். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று ஒன்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று இன்னொன்று.

இது அரட்டையோடு நின்றால் பரவாயில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் வசதியாகவும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழைகளாகவும் இருப்பது ஏன் என்ற கேள்விக்கும் இதே இரண்டு பழமொழிகளைத்தான் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிறோம். எல்லாம் மரபணு, ஒன்றும் செய்ய முடியாது என்பது ஒரு கட்சி. மரபணு என்று வாயெடுப்பதே தப்பு, எல்லாம் வளர்ப்பும் வாய்ப்பும்தான் என்பது எதிர்க்கட்சி. சண்டை போட்டாலும் இருவருக்கும் ஒரு நம்பிக்கை பொதுவானது: மரபணுவால் வருவதை மாற்ற முடியாது, சூழலால் வருவதை மாற்றிவிடலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## ஒரே மூட்டையில் மூன்று பொருள்

ஓர் இசைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா வயலின் வாசிப்பவர், அம்மா பாடுபவர். மகளுக்கு ஐந்து வயதிலேயே சுருதி பிடிபட்டுவிடுகிறது. ரத்தம் பேசுகிறது என்கிறார்கள். சரி, பேசட்டும். ஆனால் அவள் பிறக்கும் முன்பே அந்த வீட்டில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. தவழ்ந்து போய்த் தட்டிப் பார்க்க வாத்தியம் இருந்தது. சுருதி விலகினால் அடுத்த அறையிலிருந்தே "இல்லை, கொஞ்சம் ஏத்திப் பிடி" என்று சொல்ல ஆள் இருந்தது. இனி யாரிடம் கற்றுக்கொள்ளலாம், எந்த மேடைக்கு யாரைக் கேட்கலாம் என்பதும் அப்பாவுக்கு அத்துப்படி.

இப்படிக் குடும்பம் பிள்ளைக்குக் கொடுப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது மரபணு. உடலும் மூளையும் உருவாவதற்கான குறிப்புகளைச் சுமக்கும் டி.என்.ஏ. பகுதி அது, பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. இரண்டாவது வளர்ப்பு: வீட்டுப் பேச்சு, பழக்கம், கண்டிப்பு, அரவணைப்பு, எதற்கு அந்த வீட்டில் மதிப்பு என்பது. மூன்றாவது வளம்: பணம், சொத்து, குடியிருக்கும் இடம், தெரிந்த மனிதர்கள்.

மூன்றும் ஒரே ஆட்களிடமிருந்து, ஒரே மூட்டையாகக் கட்டி வருவதுதான் சிக்கல். புத்தகங்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னால், உதவியது புத்தகமா, புத்தகம் வாங்கிய பெற்றோரின் மரபணுவா, வாங்க முடிந்த பணமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தத் துறையின் பாதி உழைப்பு இந்த மூட்டையை அவிழ்ப்பதிலேயே போகிறது.

## ஏற்றத்தாழ்வு எவ்வளவு தொற்றிக்கொள்கிறது?

அவிழ்ப்பதற்கு முன், மூட்டை மொத்தமாக எவ்வளவு கனம் என்று பார்த்துவிடலாம். பிள்ளைகள் தங்கள் பெற்றோர் இருந்த படியிலிருந்து மேலோ கீழோ நகர்வதைத் தலைமுறை நகர்வு என்கிறார்கள். பொருளியலாளர்கள் இதை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். பெற்றோர் காலத்தில் இரண்டு குடும்பங்களுக்கு இடையே இருந்த வருமான இடைவெளியில் பிள்ளைகள் காலத்திலும் மிஞ்சுவது எவ்வளவு? எதுவும் மிஞ்சவில்லை என்றால் 0. அப்படியே முழுதும் மிஞ்சினால் 1.

கனடாவைச் சேர்ந்த பொருளியலாளர் மைல்ஸ் கோராக் பல நாடுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். டென்மார்க்கில் அது சுமார் 0.15. அமெரிக்காவில் 0.5-க்குச் சற்றுக் கீழே. அதாவது ஒரு குடும்பத்தைவிட இன்னொன்றின் வருமானம் 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், அடுத்த தலைமுறையில் டென்மார்க்கில் ஒன்றரை சதவீதம் மிஞ்சும். அமெரிக்காவில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். இரண்டு நாட்டிலும் பெற்றோர் பிள்ளைக்குப் பாதிப் பாதி மரபணுவைத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே இந்த வித்தியாசத்தை மரபணுவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

தலைமுறைகள் கூடக்கூட என்ன ஆகிறது? கணக்குப்படி பாதி, கால், அரைக்கால் என்று சீக்கிரமே கரைந்துபோக வேண்டும். ஆனால் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் 1427-ஆம் ஆண்டின் வரிப் பதிவுகளையும் 2011-ஆம் ஆண்டின் வரிப் பதிவுகளையும் இரண்டு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். அன்று உச்சத்தில் இருந்த குடும்பப் பெயர்கள் ஏறத்தாழ 600 வருடம் கழித்தும் உச்சத்திற்கு அருகே தென்பட்டன. இடையில் சுமார் 20 தலைமுறைகள். 20 தலைமுறைக்கு முன்னால் போனால் ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் 10 லட்சத்துக்கு மேல் வரும். அதில் ஒரே ஒரு பாட்டனாரின் மரபணுவில் நமக்கு என்ன பெரிதாக மிஞ்சியிருக்கப் போகிறது? ஒத்த படியில் இருப்பவர்களே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்துகொண்டால் மரபணு ஒற்றுமையும் நீடிக்கும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொத்தும் தொடர்புகளும்தான் நீடிக்கின்றன என்பவர்களும் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

## கால்டன் அளந்த உயரம்

மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில், 1886-இல், இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன் 205 தம்பதிகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான பிள்ளைகள்தான். ஆனால் பெற்றோர் அளவுக்கு நெட்டை இல்லை. பெற்றோர் சராசரியைவிட 3 அங்குலம் உயர்ந்திருந்தால் பிள்ளைகள் சுமார் 2 அங்குலம்தான் உயர்ந்திருந்தார்கள். குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் அதேபோல் மேல்நோக்கி நகர்ந்திருந்தார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர். ஒருவர் மிக நெட்டையாக இருக்கிறார் என்றால் பல விஷயங்கள் ஒரே திசையில் கூடி வந்திருக்கின்றன. பிள்ளைக்கும் அத்தனையும் அப்படியே கூடி வருவது அரிது.

திறமையும் இப்படித்தான் திரும்புகிறது. அசாத்தியமான மூளைக்காரரின் பிள்ளை சராசரியைவிட மேலே இருக்கலாம். அப்பாவின் உயரத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் சொத்து அப்படி இல்லை. பத்து வீடுகளை எழுதி வைத்தால் பத்தும் வந்து சேர்கின்றன. மகனுக்கு வந்தது ஆறே முக்கால் வீடுதான், மீதி சராசரியை நோக்கிப் போய்விட்டது என்று எந்தப் பத்திரப் பதிவும் சொல்லாது.

கால்டன் அளந்ததோடு நின்றிருக்கலாம். "நல்ல வம்சங்களை" பெருக்கி மற்றவர்களைக் குறைக்க வேண்டும் என்ற யோசனைக்கு 1883-இலேயே பெயர் சூட்டியவரும் அவர்தான். இனமேம்பாட்டியல் என்று தமிழில் சொல்வார்கள். 1907-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டமே கொண்டுவந்தது. பின்னால் ஜெர்மனியில் நாஜிகள் அதைக் கொலை வரைக்கும் கொண்டுபோனார்கள். பரம்பரை என்ற பேச்சை எடுத்தாலே பலர் முகம் சுளிப்பதற்கு இந்த வரலாறு போதுமான காரணம். ஆனாலும் தவறாகப் பேசப்பட்ட விஷயத்தைப் பேசாமலே விட்டால், தவறாகப் பேசியவர்கள் சொன்னதுதான் ஊரில் நிலைக்கும்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. குடும்பம் மரபணு, வளர்ப்பு, வளம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறது. மரபணு ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போடப்படுகிறது. வளம் அப்படியே கைமாறுகிறது. வளர்ப்பு இரண்டுக்கும் நடுவில்.

## மரபுப் பங்கு: எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் எண்

"புத்திசாலித்தனத்தில் 50 சதவீதம் மரபணு" என்று செய்தியில் படித்திருப்பீர்கள். உங்கள் மூளையில் பாதி மரபணுவால் ஆனது, மீதிப் பாதி வளர்ப்பால் ஆனது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஒரு செவ்வகத்தின் பரப்பில் எத்தனை சதவீதம் நீளத்தால் வந்தது, எத்தனை அகலத்தால் வந்தது என்று கேட்பது போலத்தான் அது.

அந்த எண்ணுக்கு மரபுப் பங்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எத்தனை பங்கு அவர்களுடைய மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதே மரபுப் பங்கு. தனி ஆளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதை அளக்க இரட்டையர்கள் உதவினார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரண்டு கருமுட்டையில் உருவானவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மரபணுவின் பங்கை ஊகிக்கலாம். இப்படி 50 வருடங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பண்புகளைப் பற்றி வந்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்தபோது சராசரி மரபுப் பங்கு 49 சதவீதம் என்று வந்தது. எத்தனை ஆண்டு படிக்கிறோம் என்பதற்கு மட்டும் பார்த்தால் சுமார் 40. ஒரே வீட்டில் வளர்வதன் பங்கும் அதில் கிட்டத்தட்ட அதே அளவு. நாட்டுக்கு நாடு இது மாறும்.

இனி இந்த எண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று பாருங்கள்.

நமக்குக் கையில் பத்து விரல் இருப்பது முழுக்க முழுக்க மரபணுவின் வேலை. ஆனால் விரல் எண்ணிக்கையின் மரபுப் பங்கு மிகக் குறைவு. ஏனென்றால், பத்துக்குக் குறைவாக உள்ளவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்திலோ விபத்திலோ விரலை இழந்தவர்கள். அளக்கப்படுவது விரல் இல்லை, விரல் எண்ணிக்கையில் உள்ள வேறுபாடு.

தலைகீழான உதாரணத்தை 1972-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் ஜெங்க்ஸ் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செம்பட்டை முடி உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே மாட்டோம் என்று ஒரு நாடு சட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் போகும். முடியின் நிறம் மரபணுவால் வருவது. எனவே அந்த நாட்டில் எழுத்தறிவின்மைக்கும் மரபணுவுக்கும் பலமான தொடர்பு இருக்கிறது என்று இரட்டையர் ஆய்வு ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் சொல்லும். கணக்கில் பிழையே இல்லை. காரணம் மட்டும் பள்ளி வாசலில் நிற்கிறது. தோல் நிறமோ வேறு எந்தப் பிறப்பு அடையாளமோ பார்த்து ஆளை நடத்தும் சமூகத்தில் "மரபணு" என்ற பெயரில் அநியாயமும் சேர்ந்து எண்ணப்படும்.

அப்புறம், மரபுப் பங்கு அதிகம் என்றால் மாற்ற முடியாது என்ற நம்பிக்கை. கிட்டப்பார்வைக்கு மரபுப் பங்கு மிக அதிகம். ஒரு மூக்குக் கண்ணாடி போதும். பினைல்கீட்டோன்யூரியா என்று ஒரு நோய் உண்டு. ஒரே ஒரு மரபணுவின் பிழையால், உணவில் உள்ள ஓர் அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாமல் போகிறது. அது சேர்ந்து சேர்ந்து குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது. நூற்றுக்கு நூறு மரபணு நோய். ஆனால் பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்தப் பொருள் குறைவான உணவைக் கொடுத்தால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறது. காரணம் மரபணுவில் இருந்தாலும் மருந்து சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. மறுபக்கம், சிறுவயதில் ஈயம் உடலில் ஏறினால் அது முழுக்கச் சூழலின் வேலை. மூளைக்கு வந்த சேதமோ திரும்புவதில்லை.

மூன்றாவது ஏமாற்று, கூட்டங்களை ஒப்பிடும்போது வருகிறது. உயிரியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1970-இல் சொன்ன விதை உதாரணம் இதற்குப் போதும். பலவகை கலந்த ஒரு மூட்டையிலிருந்து இரண்டு பிடி விதை எடுக்கிறோம். ஒரு பிடியை நல்ல மண்ணிலும் மற்றதைச் சத்தில்லாத மண்ணிலும் விதைக்கிறோம். நல்ல மண்ணில் எல்லாச் செடிக்கும் ஒரே நீர், ஒரே வெயில். எனவே அதற்குள் தெரியும் உயர வித்தியாசம் முழுக்க விதையால் வந்தது. சத்தற்ற மண்ணுக்குள்ளும் அப்படித்தான். ஆனால் இரண்டு பாத்திக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் மரபுப் பங்கு 100 சதவீதம். பாத்திகளுக்கு இடையே பூஜ்யம். மனித உயரத்திலேயே இதைப் பார்க்கலாம். அதன் மரபுப் பங்கு சுமார் 80 சதவீதம் என்கிறார்கள். அப்படியிருந்தும் நெதர்லாந்து ஆண்களின் சராசரி உயரம் கடந்த 150 வருடங்களில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அதற்குள் மரபணு அவ்வளவு மாறிவிடாது. மாறியது மண்.

கடைசியாக ஒரு வினோதம். மண்ணைச் சமப்படுத்தினால் மரபுப் பங்கு ஏறும். நார்வேயில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படிப்பு வாய்ப்பு பரவலானபோது, ஆண்களின் கல்வியில் மரபுப் பங்கு கூடியது. அப்பன் பணத்தால் வந்த வேறுபாடு குறைந்ததால், மிஞ்சிய வேறுபாட்டில் மரபணுவின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆகவே ஒரு நாட்டில் மரபுப் பங்கு அதிகம் என்ற செய்தியைக் கேட்டதும், அங்கே எதுவும் செய்ய இயலாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நிறையச் செய்துவிட்டார்கள் என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

சுருக்கமாக: மரபுப் பங்கு என்பது வேறுபாட்டைப் பற்றிய எண்; ஆளைப் பற்றியது அல்ல. சூழல் மாறினால் அதுவும் மாறும். எதை மாற்ற முடியும் என்பதை அது சொல்லாது.

## வளர்ப்பு என்பது உள்ளே எப்படி நடக்கிறது?

மரபணுவையும் வளர்ப்பையும் பிரிக்க இன்னொரு வழி தத்துப் பிள்ளைகள். 1960-களின் நடுவிலிருந்து 80-களின் நடு வரை ஓர் அமைப்பு கொரியக் குழந்தைகளை அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தது. விண்ணப்பம் வந்த வரிசைப்படிதான் குழந்தை, பொருத்தம் பார்ப்பதில்லை. கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல. பொருளியலாளர் புரூஸ் சசர்டோட் இந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். நன்கு படித்த, குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போனவர்கள் கல்லூரிப் பட்டம் பெறும் வாய்ப்பு, அதிகம் படிக்காத, நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போனவர்களைவிட 16 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. ரத்த சம்பந்தமே இல்லாமல். அதே சமயம், அந்தப் பெற்றோருக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் இடையே இருந்த ஒற்றுமை இதைவிடப் பலமாக இருந்தது. வளர்ப்பும் உண்டு, பரம்பரையும் உண்டு.

சரி, படித்த வீட்டில் அப்படி என்னதான் நடக்கிறது? சமூகவியலாளர் அனெட் லாரோ அமெரிக்கக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து கவனித்தார். 2003-இல் அவர் எழுதிய ஒரு காட்சி எனக்கு மறக்கவில்லை. ஒரு தாய் தன் மகனை டாக்டரிடம் காரில் அழைத்துப் போகிறார். போகும் வழியிலேயே, டாக்டரிடம் கேட்க வேண்டியதை யோசித்து வைத்துக்கொள், வெட்கப்படாதே, எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். பையன் டாக்டர் அறையில் தன் சந்தேகத்தைத் தானே கேட்கிறான். நடுவில் டாக்டர் பேச்சைத் திருத்தவும் செய்கிறான். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வசதி குறைந்த குடும்பங்களில் பாசத்துக்கோ அக்கறைக்கோ குறைவே இல்லை. ஆனால் டாக்டர், ஆசிரியர் முன்னால் குரல் தாழ்ந்துவிடுகிறது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து நேர்முகத் தேர்வில் இந்த இரண்டு பிள்ளைகளும் உட்காரும்போது ஒருவன் "தன்னம்பிக்கை உள்ளவன்" என்று குறிப்பெழுதப்படுகிறான். அதிகாரத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்டு வாங்கலாம், எந்த உடை, எந்தச் சொல் என்று இப்படி வீட்டிலேயே ஊறி வரும் தெரிதலுக்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ வழங்கிய சொல். பணம் மாதிரியே இதுவும் செலாவணியாகும். பார்ப்பவர்களுக்கு மட்டும் இது பிறவிக் குணம் போலத் தெரியும்.

## கொடுக்காத மரபணுவும் வேலை செய்கிறது

2018-இல் வந்த ஓர் ஆய்வு இந்தச் சண்டையின் கோடுகளையே குழப்பிவிட்டது. அதற்குள் போக ஒரு சொல் வேண்டும். படிப்போடு மிகமிக லேசாகத் தொடர்புடைய மரபணு மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. "படிப்பு மரபணு" என்று ஒன்று தனியாகக் கிடையாது. இந்த லேசான தொடர்புகளையெல்லாம் ஒருவருக்குக் கூட்டிப் போட்ட எண்ணைப் பல்மரபணு மதிப்பெண் என்கிறார்கள். 2022-இல் 30 லட்சம் பேரின் தரவை வைத்துப் போட்ட மதிப்பெண்கூட, கல்வியில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் விளக்கியது. தரவில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்ற மக்களிடம் அது இன்னும் மோசமாக வேலை செய்கிறது.

ஐஸ்லாந்தில் மரபியல் ஆய்வாளர் அகஸ்டின் காங்கும் அவருடைய குழுவினரும் ஒரு தந்திரம் செய்தார்கள். அம்மா, அப்பா ஒவ்வொருவரின் மரபணுவிலும் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. மீதிப் பாதி அவர்களோடே நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு வராத அந்தப் பாதியை மட்டும் எடுத்து மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையின் உடலில் அது இல்லவே இல்லை. எனவே பிள்ளையின் படிப்போடு அதற்குத் தொடர்பு இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது, வந்து சேர்ந்த பாதியின் விளைவில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு.

எப்படி? உதாரணத்துக்கு அம்மாவை எடுத்துக்கொள்வோம். அந்த மரபணு அம்மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வைத்தது. அந்த அம்மா பிள்ளைக்குக் கதை படித்துச் சொன்னார், நல்ல இடத்தில் வீடு பார்த்தார், பள்ளியில் போய்ப் பேசினார். மரபணு பிள்ளைக்கு வரவில்லை. அதன் பலன் வளர்ப்பாக வந்தது. இதற்கு மரபணுவழி வளர்ப்பு என்று பெயர். "இது மரபணுவா, வளர்ப்பா?" என்று இங்கே கேட்டுப் பாருங்கள். அம்மாவிடம் அது மரபணு, பிள்ளையிடம் அது வளர்ப்பு.

கூடப் பிறந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் பல்மரபணு மதிப்பெண்ணின் பலம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைவதற்கும் இதுவும் ஒரு காரணம். அண்ணன் தம்பிக்கு வீடு பொது. வீட்டின் பங்கைக் கழித்துவிட்டால் மரபணுவின் பெயரில் எழுதியிருந்த கணக்கும் சுருங்குகிறது.

## வளம்: அதிகம் பேசப்படாத மூன்றாவது பொருள்

மரபணுவா வளர்ப்பா என்று கத்திக்கொண்டிருக்கும்போது பணம் சத்தமில்லாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது. சுவீடனில் தத்துப் பிள்ளைகளின் பதிவுகளில் பெற்றவர் யார், வளர்த்தவர் யார் இரண்டும் உண்டு. அதை வைத்துப் பிள்ளைகளின் சொத்து மதிப்பை ஆராய்ந்தபோது, பெற்றவரின் சொத்தைவிட வளர்த்தவரின் சொத்தோடுதான் அது அதிகம் ஒத்துப்போனது. படிப்புக்குச் சொன்னது போலப் "பரம்பரைத் திறமை" என்று இதற்குச் சொல்ல முடியவில்லை.

பணம் செய்யும் வேலைகளில் பெரியது, தவறுகளைத் தாங்குவது. வசதியான வீட்டுப் பையன் ஒரு வருடம் தேர்வில் தவறினால் அது "ஒரு வருடம்". அடுத்த மாதச் செலவுக்கு அவன் சம்பளத்தை எதிர்பார்க்கும் வீட்டில் அது படிப்பின் முடிவு. இரண்டு பையன்களின் திறமையும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவனுக்கு மூன்று தடவை விழலாம், இன்னொருவனுக்கு ஒரு தடவைகூட முடியாது.

வறுமை மரபணுவையே அமுக்கிவிடுமா என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஏழைக் குடும்பங்களில் நுண்ணறிவுத் தேர்வு வேறுபாட்டில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்டப் பூஜ்யமாகவும், வசதியான குடும்பங்களில் மிக அதிகமாகவும் இருந்தது. சத்தில்லாத மண்ணில் எந்த விதையும் தன் வேலையைக் காட்டவில்லை என்று இதைப் படிக்கலாம். 2016-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது அமெரிக்காவில் இது தெரிந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரியவில்லை. அங்கெல்லாம் ஏழைக் குடும்பத்துக்கும் மருத்துவம், பள்ளி என்று அடிமட்டம் ஓரளவு உறுதி என்பதால் இருக்கலாம் என்கிறார்கள்.

## இடத்தை மட்டும் மாற்றினால்?

மரபணுவைத் தொடாமல், பெற்றோரை மாற்றாமல், வளத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள் குலுக்கலில் கலந்துகொண்டன. சீட்டு விழுந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக உதவி கிடைத்தது. முதல் சில வருடங்களில் பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. திட்டம் தோற்றது என்றே பலர் எழுதிவிட்டார்கள்.

பிள்ளைகள் வளரக் காத்திருந்து, பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி கணக்கெடுத்தபோது கதை மாறியது. 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், சீட்டு விழாத பிள்ளைகளைவிட 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். 13 வயதைத் தாண்டிய பிறகு போனவர்களுக்கு லாபம் இல்லை. சற்று நஷ்டம்கூடத் தெரிந்தது. பழகிய இடத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு போன பாதிப்பு மட்டும் அவர்களுக்கு மிஞ்சியிருக்க வேண்டும்.

பிறகு செட்டியும் நாதனியல் ஹெண்ட்ரனும், இடம் மாறிய லட்சக்கணக்கான குடும்பங்களின் வரிப் பதிவுகளை எடுத்து, ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளை, அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள். அதே அப்பா, அதே அம்மா, அதே லாரியில் ஏறிய அதே சாமான்கள். பிள்ளை நல்ல பகுதியில் கழிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு இருந்த இடைவெளி சுமார் 4 சதவீதம் மூடியது. வீடு மாறிய நாளில் தம்பிக்கு வயது 6, அண்ணனுக்கு 14 என்றால், தம்பி எட்டு வருடம் கூடுதலாகப் பெறுகிறான்.